விலை வேறு, செலவு வேறு

ஜவ்வாது மலைச் சரிவுகளில் சாமை மூட்டையைத் தலையில் சுமந்து அந்தி இருளில் இறங்குவோரைக் கண்டு வியந்திருக்கிறேன். கண் உதவாத வேளையில் அவர்களைத் தாங்குவதில் உட்செவியின் சமநிலை உறுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

காசநோய்க்குக் கிடைத்த முதல் பயனுள்ள மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. அதுவும் அதே இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசினும் சிலருக்கு அவ்வுறுப்பின் நுண்மயிர்ச் செல்களை அழித்துவிடுகின்றன. அந்த இழப்பு பெரும்பாலும் நிரந்தரமானது. நடக்கும்போது காட்சி குலுங்கும். இருளில் கால் தடுமாறும். முதியோருக்கும் சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் அபாயம் மிகுதி.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இவ்வினத்துக் கனமைசினைத் தவிர்க்குமாறு 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஜென்டாமைசினோ கடுந்தொற்றுகளில் இன்றும் உயிர் காக்கிறது, விலையும் குறைவு.

ஆனால், விலை வேறு, செலவு வேறு என்று பொருளியல் வகுப்பில் பல்லாண்டு கற்பித்தவன் நான். சமநிலை இழந்த மலைவாழ் உழவருக்குக் காடும் கழனியும் எட்டாதவையாகிவிடும். அந்தச் செலவு எந்த மருந்துப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஆகவே, ஊசி தொடரும் நாள்களில் சிறுநீரகச் சோதனையும், ‘நடை தள்ளாடுகிறதா?’ என்ற கேள்வியும் மலையக மருத்துவமனைகளில் தவறாத வழக்கமாக வேண்டும். தடுமாற்றம் தோன்றினால், நோயாளி தாமாக ஊசியை நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.