ஓரியின் அம்பும் வானிலிருந்து விழும் குண்டும்



சென்ற தைத் திங்களில் மாணவர் சிலருடன் புளியஞ்சோலைக்குச் சென்றிருந்தேன். கொல்லிமலையின் அடிவாரத்தில், ஐயாறு பாறைகளினிடையே இறங்கிவரும் இடம் அது. மலையை அண்ணாந்து நோக்கியபோது, அதனை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின்மேல் தைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வியந்து பாடுகின்றார்.

இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, "ஐயா, யானைக்கு எய்த அம்பினால் இறப்பதற்கு உடும்பு செய்த குற்றம் என்ன?" என்று வினவினாள்.

அவள் கேட்டது வேட்டையைப் பற்றி. என் நெஞ்சில் எழுந்ததோ போர். பகைவன்மேல் வீசும் குண்டு, பகைவன் அல்லாதவனையும் கொல்லுமானால், அதற்கு யார் பொறுப்பு?

இதில் இருவகை உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் சென்னையின்மீது குண்டுகளைப் பொழிந்தது. அதன் குறி, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கிடங்குகள். அன்றும் உயிர்கள் மாண்டன. எனினும் மக்களைக் கொல்வது நோக்கமன்று. இரண்டாம் உலகப்போரிலோ ஹாம்பர்க், டோக்கியோ போன்ற நகரங்களே குறியாயின. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் ஒரே குண்டு ஒரு நகரையே அழித்தது. மக்களையே குறிவைத்தல் எவ்வகையாலும் அறமாகாது. முதல்வகைதான் நம்மை ஆழ்ந்து எண்ணச் செய்வது.

1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறை, மூன்று கடமைகளை விதிக்கின்றது. போர்வீரரையும் பொதுமக்களையும் பிரித்தறிதல் ஒன்று. கிடைக்கும் போர்ப்பயனுக்கு மிஞ்சிய தீங்கு பொதுமக்களுக்கு நேருமெனில் தாக்காதிருத்தல் மற்றொன்று. இயன்றவரை முன்னெச்சரிக்கை செய்தல் மூன்றாவது. இந்தியாவும் இலங்கையும் அந்நெறிமுறையில் சேரவில்லை. ஆயினும் இக்கடமைகள் வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்பதே சட்ட அறிஞர் பெரும்பாலோர் கருத்து.

எச்சரிக்கை என்பது நமக்குப் புதிதன்று. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு எய்வதற்குமுன் பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், மகப்பேறு இல்லாதார் ஆகியோரைக் காப்பிடம் தேடுமாறு அறிவிப்பவன் என்று நெட்டிமையார் புறநானூற்றின் 9ஆம் பாடலில் போற்றுகின்றார்.

அறிவித்துவிட்டால் கடமை தீர்ந்ததா? 1995 ஜூலை 9ஆம் நாள் யாழ்ப்பாணத்து நவாலியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். போர் நெருங்கக் கண்டு வீடுகளை விட்டு நீங்கிய மக்கள், புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் அருகிலும் தங்கியிருந்தனர். இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளால் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காப்பிடம் தேடுக என்ற பழைய அறிவுரையின்படியே நடந்தவர்கள் அவர்கள். காப்பிடத்திலேயே குண்டு விழுமானால், எச்சரிக்கைக்குப் பொருள் ஏது?

"பகைவர் மக்களிடையே மறைந்திருக்கின்றனர்; நாங்கள் என்ன செய்வது?" என்று வீசுவோர் கேட்பதுண்டு. மக்களைக் கேடயமாக்குதல் குற்றமே. ஆயினும் ஒருவர் செய்த குற்றம் மற்றவரின் கடமையை நீக்கிவிடாது. நடுவில் அகப்பட்ட குழந்தை இருவர் கணக்கிலும் சேராதது அன்றோ?

மாலையில் மலையை விட்டு நாங்கள் திரும்பும்போது அம்மாணவிக்கு இவ்வாறு விடை கூறினேன்: "உடும்பு ஒரு குற்றமும் செய்யவில்லை, அம்மா. தன் அம்பு எங்கே போய் நிற்கும் என்பதை ஓரி அறிந்திருக்க வழியில்லை. இக்காலத்துக் குண்டோ எவ்வளவு தொலைவு சிதறும் என்பது, அதை வீசுவதற்கு முன்பே கணக்கிடப்படுகின்றது. அறியாமல் செய்தவனுக்கு உள்ள மன்னிப்பு, அறிந்து செய்பவனுக்கு இல்லை."