புதுச்சேரியில் வியட்நாமிய உணவு

புதுச்சேரியில் வியட்நாமிய உணவு என்பது பிரெஞ்சு இந்தோசீனாவில் பணியாற்றித் திரும்பிய புதுச்சேரித் தமிழர்களும், அவர்கள் மணந்த வியட்நாமியப் பெண்களும் 20ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்குக் கொண்டுவந்த உணவு வகைகளையும் சமையல் முறைகளையும் குறிக்கும். தமிழ்நாட்டின் நகரங்களில் வியட்நாமிய உணவு அண்மைக் காலத்தில் உணவகங்கள் வழியாகவே அறிமுகமானது. புதுச்சேரியிலோ அது திருமண உறவுகள் வழியாக வந்து, வீட்டுச் சமையலறைகளில் நிலைபெற்றது. இதனால் நகருக்கு வரும் பயணிகள் பெரும்பாலும் "நெம்" என்ற ஒரே பண்டத்தை மட்டுமே அறிகின்றனர். ஏனைய உணவுகள் குடும்பங்களுக்குள்ளேயே சமைக்கப்பட்டு வருகின்றன.

வரலாறு

*இந்தோசீனாவுக்குச் சென்ற தமிழர்கள்*

பிரெஞ்சுக்காரர்கள் 1674ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியில் நிலைகொண்டிருந்தனர். இடையில் சில முறை நகரம் டச்சுக்காரர், ஆங்கிலேயர் கைகளுக்கு மாறி மீண்டது. பிரெஞ்சுப் படை 1859இல் சைகோன் நகரைக் கைப்பற்றியது. 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் தென் வியட்நாமின் மூன்று மாகாணங்கள் பிரான்சுக்குக் கிடைத்தன. இப்பகுதி கொச்சின்சீனா என்ற பெயரில் ஆளப்பட்டது. 1887இல் பிரெஞ்சு இந்தோசீனா என்ற ஒன்றியம் அமைக்கப்பட்டது.

புதிய குடியேற்ற நாட்டின் நிருவாகத்துக்குப் பிரெஞ்சு மொழி அறிந்த பணியாளர்கள் தேவைப்பட்டனர். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் வெளியான ஆணை, பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தோர் தம் சமயம், சாதி சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தவர்கள் "ரெனோன்சான்" என அழைக்கப்பட்டனர். இவர்களுள் பலர் எழுத்தர், காவலர், சுங்க அலுவலர், சிறைப் பணியாளர் போன்ற பணிகளில் சைகோனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அமர்ந்தனர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தோரும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரை "சொல்தா" என்று குறிக்கும் வழக்கு புதுச்சேரித் தமிழில் உள்ளது.

இவர்களைத் தவிர வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரும், துணி வணிகத்தில் ஈடுபட்ட தமிழ் முசுலிம்களும் சைகோனில் வாழ்ந்தனர். இன்று ஓ சி மின் நகரம் எனப்படும் அந்நகரில் உள்ள மாரியம்மன் கோயில் தமிழரின் அக்கால வாழ்வுக்குச் சான்றாக நிற்கிறது.

*திரும்பி வந்த குடும்பங்கள்*

1954 மே மாதம் தியன் பியன் பூ போரில் பிரெஞ்சுப் படை தோற்றது. சூலை மாதத்தில் செனீவா உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பணி செய்த நாட்டிலும் பிறந்த ஊரிலும் பிரெஞ்சு ஆட்சி ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தது. இந்தோசீனாவில் இருந்த குடும்பங்கள் பிரான்சுக்குச் செல்வதா, புதுச்சேரிக்குத் திரும்புவதா, அங்கேயே தங்குவதா என முடிவு செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. புதுச்சேரிக்குத் திரும்பியோருள் பலர் வியட்நாமிய மனைவியருடனும் பிள்ளைகளுடனும் வந்தனர். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்ததை ஒட்டி, அதுவரை அங்கே தங்கியிருந்தவர்களுள் பலரும் வெளியேறினர்.

இவ்வாறு வந்த பெண்கள் மொழியும் சுற்றமும் அறியாத ஊரில் வாழத் தொடங்கினர். கணவர் வீட்டில் தமிழும், அலுவல்களில் பிரெஞ்சும் வழங்கின. வியட்நாமிய மொழியின் பயன்பாடு அடுத்த தலைமுறையில் குறைந்தது. சமையல் அதைவிட நீடித்தது. கிறித்துமசு, புத்தாண்டு, திருமணம், பிறந்தநாள் போன்ற நிகழ்வுகளில் வியட்நாமிய உணவு செய்வது இக்குடும்பங்களின் வழக்கமாயிற்று.

முக்கிய உணவுகள்

*நெம்*

புதுச்சேரியில் மிகவும் அறியப்பட்ட வியட்நாமிய உணவு நெம் ஆகும். கொத்திய இறைச்சி, இறால் அல்லது நண்டு, பாசிப்பயற்று மாவால் செய்த கண்ணாடி போன்ற மெல்லிய சேமியா, கருங்காளான், காரட், வெங்காயம் ஆகியவற்றைக் கலந்து, அரிசித்தாளில் சுருட்டி, எண்ணெயில் பொரித்து எடுப்பர். வியட்நாமில் பன்றி இறைச்சியே பெரிதும் பயன்படுகிறது. புதுச்சேரியில் கோழி இறைச்சியும் இறாலும் கொண்டு செய்வதும் உண்டு.

பொரித்த நெம்மை அப்படியே உண்பதில்லை. கீரை போன்ற லெட்டூசு இலையில் புதினாவுடன் வைத்துச் சுற்றி, மீன்சாற்றில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பூண்டு, மிளகாய், நீர் கலந்த "நுவொக் சாம்" என்னும் தொடுசாற்றில் தோய்த்து உண்பர். சூடான மொறுமொறுப்பும் குளிர்ந்த இலையும் புளிப்பும் இனிப்பும் ஒரே வாயில் சேர்வதே இதன் சுவை. இலையையும் சாற்றையும் விட்டுவிட்டு, தக்காளிச் சாறுடன் நெம்மைப் பரிமாறும்போது உணவின் பாதி மட்டுமே கிடைக்கிறது எனலாம்.

இதன் பெயரும் கவனிக்கத்தக்கது. சைகோனை உள்ளிட்ட தென் வியட்நாமில் இதற்குச் "சா யோ" என்று பெயர். வட வியட்நாமில் "நெம் ரான்" என்பர். பிரெஞ்சுக்காரர்கள் "நெம்" என்ற சொல்லையே எடுத்துக்கொண்டனர். பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களின் உணவு புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கின் பெயரால் அறியப்படுகிறது. இன்று ஓ சி மின் நகருக்குச் செல்லும் தமிழ்ப் பயணி அங்கே "நெம்" எனக் கேட்டால் புளிக்க வைத்த பன்றி இறைச்சிப் பண்டம் கிடைக்கக்கூடும். பொரித்த சுருளுக்குச் "சா யோ" என்றே கேட்கவேண்டும்.

*கொய் குவோன்*

இது பொரிக்கப்படாத சுருள். வேகவைத்த இறால், இறைச்சி, அரிசிச் சேமியா, இலைகள் ஆகியவற்றை நனைத்த அரிசித்தாளில் சுற்றி அப்படியே உண்பர். எண்ணெய் இல்லாததால் கோடைக்கு ஏற்றது. செய்த சிறிது நேரத்தில் தாள் உலர்ந்து இறுகிவிடும். ஆகவே நெம்மைப் போல முன்பே செய்து உறையவைத்து விற்க இது ஏற்றதன்று.

*ஃபோ*

மாட்டெலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை ஆகியவற்றால் மணமூட்டிய தெளிந்த சாற்றில் தட்டையான அரிசி நூடுல்சு இட்டுப் பரிமாறப்படுவது ஃபோ. இது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் உருவானது. 1954இல் நாடு பிரிக்கப்பட்டபின் வடக்கிலிருந்து பல இலட்சம் மக்கள் தெற்கே குடிபெயர்ந்தபோதே சைகோனில் பரவலாயிற்று. அதாவது புதுச்சேரிக் குடும்பங்கள் பல சைகோனைவிட்டுப் புறப்பட்ட காலத்தில்தான் ஃபோ அங்கே வேரூன்றியது. உலகெங்கும் வியட்நாமிய உணவின் அடையாளமாகக் கருதப்படும் ஃபோ, புதுச்சேரியில் நெம் பெற்ற இடத்தைப் பெறவில்லை.

*பான் மீ*

பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்திய நீள் ரொட்டியைப் பிளந்து, இறைச்சி, ஈரல் விழுது, ஊறவைத்த காரட், முள்ளங்கி, கொத்தமல்லித் தழை, மிளகாய் ஆகியவற்றை வைத்து உண்பது பான் மீ. புதுச்சேரியிலும் பிரெஞ்சு நீள் ரொட்டி சுடும் மரபு உண்டு. ஒரே ரொட்டி சைகோனில் தெருவோர உணவாகவும், புதுச்சேரியில் காலை உணவாகவும் குழம்புக்குத் துணையாகவும் மாறியது.

*கா ரி கா*

இது வியட்நாமியக் கோழிக் கறி. "கா ரி" என்ற சொல் தமிழின் "கறி"யோடு தொடர்புடையது. இந்தியரின் கறிப்பொடியுடன் எலுமிச்சைப் புல், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை சேர்கின்றன. சோற்றுடன் மட்டுமன்றி ரொட்டியுடனும் உண்பர். இந்தியரின் கறி தென் வியட்நாமில் உருமாறியதற்கு இது சான்று. உணவுப் பரிமாற்றம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

தமிழ் உணவுடன் ஒப்பீடு

இரு நாடுகளும் அரிசியையும் தேங்காயையும் மீனையும் அடிப்படையாகக் கொண்டவை. எனவே பல உணவுகளுக்கு இணையானவை தமிழ்ச் சமையலில் உள்ளன.

* அரிசித்தாளும் இலை வடாமும்: அரிசி மாவுக் கரைசலை, கொதிநீர்ப் பானையின் வாயில் கட்டிய துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் உலர்த்தினால் அரிசித்தாள் கிடைக்கும். இலை வடாமும் ஆவியில் வெந்து வெயிலில் காய்வதே. மாவு முன்பே வெந்துவிட்டதால் நீரில் நனைத்தவுடன் அரிசித்தாள் மென்மையாகி மடிக்க வருகிறது.
* பூனும் இடியாப்பமும்: இரண்டும் அரிசி மாவைப் பிழிந்து செய்யும் இழைகள். இடியாப்பம் ஆவியில் வேகிறது. பூன் கொதிநீரில் பிழியப்பட்டு வேகிறது.
* பான் செயோவும் தோசையும்: பான் செயோ அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் கலந்து ஊற்றப்படும் மெல்லிய அடை. இறாலும் முளைகட்டிய பயறும் உள்ளே வைத்து மடிக்கப்படும். இதில் உளுந்து இல்லை; மாவு புளிக்கவைக்கப்படுவதும் இல்லை.

மீன்சாறும் மரக்காணம் உப்பும்

வியட்நாமியச் சமையலின் உயிர்நாடி "நுவொக் மாம்" எனப்படும் மீன்சாறு ஆகும். இதற்குத் தேவையானவை இரண்டே: நெத்திலி இன மீனும் உப்பும். ஏறத்தாழ மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற எடைக் கணக்கில் மரப்பீப்பாய்களில் அடுக்கி, ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஊறவிடுவர். மீனிலுள்ள நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைக்கின்றன. மிகுதியான உப்பு மீன் அழுகாமல் காக்கிறது. பீப்பாயின் அடியில் வடியும் செம்பழுப்பு நிறச் சாறே நுவொக் மாம். ஒரு லிட்டரில் உள்ள நைட்ரசனின் கிராம் அளவைக் கொண்டு அதன் தரம் குறிக்கப்படுகிறது. பூ குவோக் தீவின் மீன்சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது.

இவ்விரு பொருள்களும் புதுச்சேரிக் கரையில் குறைவின்றிக் கிடைப்பவை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருவோர், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களைக் கடந்து வருகின்றனர். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, படிந்த உப்பை வாரிக் குவிப்பது இங்குள்ள தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகளில் வேலை நின்றுவிடும்.

இந்தக் கரையிலும் நெத்திலியும் உப்பும் சேர்கின்றன. ஆனால் கிடைப்பது கருவாடு. வெயிலால் நீரை வெளியேற்றி மீனைக் காப்பது தமிழ்நாட்டுக் கரையின் வழி. மீனையே சாறாக மாற்றுவது வியட்நாமின் வழி. சைகோனிலிருந்து வந்த பெண்கள் கண்ட சந்தையில் மீன் இருந்தது, உப்பு இருந்தது, அரிசி இருந்தது. ஆனால் மீன்சாறும் அரிசித்தாளும் இல்லை. இவற்றைப் பிரான்சிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வரும் உறவினர்கள் எடுத்துவருவது வழக்கமாக இருந்தது. இன்று பெரிய அங்காடிகளிலும் இணைய விற்பனையிலும் இவை கிடைக்கின்றன.

உண்போர் அறியவேண்டியவை

* வீட்டில் செய்து தரும் நெம் பெரும்பாலும் முன்பதிவின் பேரில் கிடைக்கும். சில உணவகங்களும் இதனைப் பட்டியலில் வைத்துள்ளன.
* காய்கறி நெம் உண்டு. எனினும் தொடுசாற்றில் மீன்சாறு இருப்பதால் சைவ உணவினர் அதனைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.
* பன்றி இறைச்சி தவிர்ப்போரும், இறால், நண்டு ஒவ்வாமை உடையோரும் உள்ளீட்டை முன்பே கேட்டுக்கொள்ளுதல் நலம்.
* உறைந்த நெம் வாங்குவோர் நடுத்தரச் சூட்டில் மெதுவாகப் பொரிக்கவேண்டும். எண்ணெய் மிகச் சூடானால் மேல்தாள் கருகி உள்ளே வேகாது.

தற்போதைய நிலை

1950களில் வந்த தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுள் பலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பிரான்சில் வாழ்கின்றனர். இவ்வுணவுகளின் செய்முறைகள் பெரும்பாலும் எழுதிவைக்கப்படாமல், தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைப்பழக்கமாகவே வந்துள்ளன. ஒரு குடும்பம் இடம்பெயரும்போது அதன் சமையலும் நகரைவிட்டு நீங்குகிறது.

நெம் விற்பனைப் பொருளானதால் நிலைத்துள்ளது. ஊரில் வியட்நாமிய உறவு ஏதும் இல்லாத குடும்பங்களும் அதனை விரும்பி உண்கின்றன. விற்பனைக்கு வராத கறிகள், சாறுகள், இனிப்புகள் ஆகியவற்றின் நிலை வேறு. மூத்தவர்களிடமிருந்து அளவுகளையும் செய்முறைகளையும் தமிழில் பதிவு செய்வது, புதுச்சேரியின் இந்தோசீனத் தொடர்பு பற்றிய ஆய்வுக்கும் உணவு வரலாற்றுக்கும் பயன்தரும். கப்பல்களையும் ஆணைகளையும் பற்றிய ஆவணங்கள் காப்பகங்களில் உள்ளன. சமையலறையில் நடந்தவற்றுக்கு அத்தகைய காப்பகம் இல்லை.

இவற்றையும் பார்க்க

* புதுச்சேரி
* மரக்காணம்
* பிரெஞ்சு இந்தோசீனா
* வியட்நாமியத் தமிழர்
* கருவாடு