போரைப் பார்த்து வாசிக்கும் சங்கீதம்

கனடாவில் வாழும் வாசகர் ஒருவர், தமது பூர்வீகம் புங்குடுதீவு என்பதை உரிமையோடு குறிப்பிட்டுவிட்டு, மகன் ஆடும் வீடியோ விளையாட்டில் சண்டை மூண்டதும் வாத்தியங்கள் வேகங்கொள்வதும், பகைவன் வீழ்ந்ததும் தணிவதும் எப்படி, மறைவிலிருந்து எவரேனும் வாசிக்கிறார்களா என்று கேட்டெழுதியிருக்கிறார். வேடிக்கையாகக் கேட்டிருந்தாலும் கேள்வி கூர்மையானது.

சினிமாவுக்கு இசையமைப்பவருக்குக் கதாநாயகனின் அடி எந்த விநாடியில் விழும் என்பது முன்னரே தெரியும்; விளையாட்டுக்கு இசையமைப்பவருக்கோ, ஆடுபவன் அரை நிமிஷத்தில் வெல்வானா, அரைமணி நேரம் ஒளிந்து திரிவானா என்பது தெரியாது. எங்கள் தீவுக் கோயில்களில் கந்தசஷ்டியன்று நடக்கும் சூரன்போரில் தவில்காரரின் நிலையும் இதுவே: சூரனைத் தூக்கியவர்கள் பாய்ந்து வந்தால் வாசிப்பு விரைகிறது, பின்வாங்கினால் தளர்கிறது, யானைமுகம் கழற்றிச் சிங்கமுகம் பூட்டத் தாமதமானால், முகம் பூட்டி முடியும்வரை ஒரே சொற்கட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

இவ்வித்தையை இயந்திரம் கற்றுக்கொண்ட வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. ஐந்து வரிசையில் ஐம்பத்தைந்து வேற்றுலகப் பகைவர் இறங்கி வர, கீழ்ஸ்தாயியில் படிப்படியாக இறங்கும் நான்கே ஸ்வரங்கள் ஓயாது ஒலிக்கும். சங்கீதம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான். அக்காலத்துக் கணினிச் சில்லு வலிமை குன்றியது. விநாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பகைவனை மாத்திரமே நகர்த்த வல்லது. ஆகையால் ஐம்பத்தைவரும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆயிற்று. பகைவர் மடிய மடிய எஞ்சியவர்களின் முறை விரைந்து வந்தது. கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடினான். இயந்திரத்தின் இயலாமையால் நேர்ந்த இந்த விரைவைத் திருத்தாமல், ஆட்டத்தின் சுவையாகவே வைத்துக்கொண்டார் நிஷிகாடோ. பகைவர் குறையக் குறைய அந்நான்கு ஸ்வரங்களும் நெருங்கி ஒலிக்கும்படி அமைந்தமையால், வெற்றி அண்மித்த வேளையிலேதான் ஆடுபவனின் கை அதிகம் நடுங்குகிறது. பெரிய வாத்தியக்குழுக்களை வைத்துப் பின்னாளில் செய்தவர்களில் எத்தனை பேர் இதை எட்டினார்கள் என்பது என் சந்தேகம்.

பின்னர் விளையாட்டு இசையமைப்பாளர்களான மைக்கேல் லேண்ட், பீட்டர் மக்கானல் இருவரும் ஐம்யூஸ் என்னும் முறையை வகுத்தனர். 1991-இல் 'மங்கி ஐலண்ட் 2' என்னும் ஆட்டம் அதனோடு வெளிவந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ராகத்தை நடுவில் வெட்டாமல், தாளம் பொருந்தும் இடம்வரை காத்திருந்து அடுத்த பகுதிக்குக் கொண்டுசெல்வது அம்முறை. 1993-இன் 'எக்ஸ்-விங்' ஆட்டத்தில் புதிய கப்பல்கள் போர்க்களத்துள் நுழைவதை ஆடுபவன் காதாலேயே அறிந்தான். இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் ஒரே இசை அடுக்கடுக்காகப் பதியப்பட்டுள்ளது. ஆபத்து அதிகரிக்கும்போது பறை போன்ற தாளக் கருவிகளின் அடுக்குத் திறக்கிறது.

இயந்திரம் இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற நுட்பத்தை நாம் கைவிடுவதுதான் விசித்திரம். சூரன்போர் நடக்கும் வீதியிலேயே ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டை அலறவிடும் வழக்கம் சில இடங்களில் புகுந்துவிட்டது. சூரன் பாய்ந்தாலும் படுத்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றே. கோயில் சபையார் போர் முடியும்வரையாவது ஒலிபெருக்கியை நிறுத்தி, தவில்காரரின் கண்ணுக்குச் சூரன் தெரியும்படி கூட்டத்தை விலக்கிக் கொடுக்க வேண்டும்.