பட்டதாரிகளும் கணக்கியல் தொழிலும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலே பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பேச்சு எழும்போது, மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டினையும் அடுத்துக் கணக்கியலே பெரிதும் எண்ணப்பட்டு வந்துள்ளது. எனினும், பட்டம் பெற்றோர் பலர் அரசாங்க நியமனத்தை எதிர்நோக்கிக் காத்திருத்தலையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலே தொடர் போராட்டம் நடத்தியமை இக்காத்திருப்பின் துன்பத்தை ஊரறியச் செய்தது. பட்டதாரியொருவர் மேலும் சில ஆண்டுகளைச் செலவிட்டுக் கணக்கியற்றொழிலை மேற்கொள்ளுதல் தகுமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், கணக்குப் பதிதல் வேறு, கணக்கியல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். கொடுக்கல் வாங்கல் ஒவ்வொன்றையும் பற்று, வரவு என இருமுகமாக எழுதும் இரட்டைப் பதிவு முறை இத்தாலிய வணிகரிடையே வளர்ந்தது. அம்முறையை லூக்கா பச்சியோலி என்னும் துறவியார் 1494இல் வெனிஸ் நகரிலே வெளியிட்ட தமது கணித நூலில் விளக்கினார். அவர் அதனைப் புதிதாகக் கண்டுபிடித்தவரல்லர். வழக்கிலிருந்ததை முறைப்படுத்தி உலகறியச் செய்தவர். பதிதல் கைப்பழக்கத்தால் அமைவது. பதிந்தவற்றின் பொருளை உணர்ந்து, உண்மை நிலையை ஐந்தொகையிலே காட்டுதல் அறிவினால் அமைவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 10 இலட்சம் ரூபாவுக்குப் படகொன்று வாங்குகின்றது எனக் கொள்வோம். அப்படகு பத்தாண்டுகள் உழைக்கும். அதன் விலையைக் கருதாவிடின் சங்கத்தின் அவ்வாண்டு மிகை 4 இலட்சம். விலை முழுவதையும் முதலாண்டுச் செலவாக எழுதினால் 6 இலட்சம் நட்டம் தோன்றும். பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்து ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் தேய்வாகக் கழித்தால் 3 இலட்சம் மிகை தோன்றும். பணம் ஒன்றே, படகும் ஒன்றே. ஆயின் உறுப்பினர் அறியும் செய்தியோ இரண்டு. இனி, உறுப்பினர்க்குக் கொடுத்த கடனில் 5 இலட்சம் திரும்பி வராது எனத் தெரிந்தும் அதனைச் சொத்தாகவே காட்டி வந்தால், அந்த 3 இலட்ச மிகையும் பொய்யாகும். எது செலவு, எது சொத்து, எது வெறும் நம்பிக்கை எனப் பகுத்துணர்தலே இத்தொழிலின் உயிர்நிலை.

நம் நாட்டில் இத்தொழில் வளர்ந்த வரலாறும் நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் இலிகிதராகக் கொழும்பிலும் மலாயாவிலும் பணிபுரிந்தனர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் பழைய வாயில்களை ஒடுக்கின. இலண்டனில் 1904இல் தோன்றிய பட்டயச் சான்றுக் கணக்காளர் சங்கம், 1919இல் தோன்றிய முகாமைக் கணக்காளர் நிறுவனம், 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஆகியவற்றின் தேர்வுகளோ மாவட்ட ஒதுக்கீட்டுக்கு உட்பட்டவையல்ல. உழைத்தோர்க்கு வாயில் திறந்தே இருந்தது. பின்னர்ப் போர்க்காலத்திலே கடல் கடந்தோர் பலர்க்கு இக்கல்வியே கைம்முதலாயிற்று.

இன்று பட்டதாரிக்குள்ள வழிகள் பல. அரச துறையை விரும்புவோர் போட்டித் தேர்வெழுதி இலங்கைக் கணக்காளர் சேவையிற் புகலாம். தொழிற்றகைமையை விரும்புவோர், தேர்வுகளோடு மூன்றாண்டுச் செயன்முறைப் பயிற்சியும் பெற்றுப் பட்டயக் கணக்காளராகலாம். வங்கி, கூட்டுறவு, தனியார் நிறுவனங்கள், பாடசாலைகளின் வணிகப் பிரிவு ஆகியனவும் உண்டு. வணிகவியற் பட்டதாரிக்குச் சில பாடங்களில் விலக்குக் கிடைத்தல் கூடும். கலைப் பட்டதாரி அடிப்படையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் புறக்கணித்தலாகாது. ஒன்று, காலம். பயிற்சிக்காலத்து உதவிப்பணம் சிறிது, தேர்வுகளோ கடினமானவை. குடும்பச் சுமை தாங்கும் மூத்த பிள்ளைக்கு இது பெரும் சோதனையே. மற்றொன்று, மொழி. தாய்மொழியிற் பட்டம் பெற்றவர் மேனிலைப் பாடங்களை ஆங்கிலத்திற் கற்றல் இன்றியமையாதது. வெளிவாரியாகப் படித்துத் தேறியோர் அறிவர், மாலைப் பொழுதுகளை ஒழுங்காகப் பயன்படுத்துவார்க்கு இத்தடை வெல்லற்கரியதன்று. மூன்றாவது, கணினி. கூட்டலும் பேரேட்டிற் பதிதலும் இயந்திரத்தின் வசமாகிவிட்டன. ஆதலால் பதிவு வேலையோடு நின்றுவிட எண்ணுபவர்க்கு இத்துறையை நாம் பரிந்துரையோம். ஆயினும், மேலே கூறிய வாராக் கடனை ஆராய்ந்து, கடன்பட்டவரை வினவி, வராது எனத் துணிந்து எழுதும் பொறுப்பு மனிதனுக்கே உரியது.

அப்பொறுப்பைத் தவறவிடின் வரும் கேடு பெரிது. அமெரிக்காவிலே என்றோன் நிறுவனம் தன் கடன்களை மறைத்து இலாபத்தை மிகைப்படுத்திக் காட்டி 2001இல் வீழ்ந்தது. அதன் கணக்காய்வாளராயிருந்த ஆதர் அண்டர்சன் நிறுவனம், உலகின் ஐம்பெருங் கணக்காய்வு நிறுவனங்களுள் ஒன்று. 2002இல் அதுவும் நிலைகுலைந்தது. அதற்கெதிரான தீர்ப்பை 2005இல் உச்ச நீதிமன்றம் நீக்கியபோதும், போன நம்பிக்கை மீளவில்லை. கணக்காய்வாளன் விற்பது தன் கையொப்பத்தின் மெய்ம்மையையே.

இனி, ஊதியத்துக்கு அப்பாலான ஒரு காரணமும் உண்டு. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தை அடுத்து இக்குடாநாட்டிலே கூட்டுறவு இயக்கம் வேரூன்றியது. இன்றும் ஐக்கிய நாணய சங்கங்கள், பனை தென்னை வளச் சங்கங்கள், கோயிற் பரிபாலன சபைகள், சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்கள் என ஊர்தோறும் பொதுப்பணம் கையாளப்படுகின்றது. கடல் கடந்த உறவினர் அனுப்பும் நன்கொடையும் அவற்றிற் சேர்கின்றது. கணக்குத் தெளிவாக இல்லாதவிடத்து நேர்மையாளனும் ஐயத்துக்குள்ளாகின்றான், ஐயம் பகையாகின்றது, பகையால் நற்பணி நின்றுவிடுகின்றது. கணக்கறிந்தோர் யாவரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிடின் இப்பொதுப்பணத்துக்குக் காவல் யார்?

ஆதலின், கணக்கியல் பட்டதாரிக்குத் தக்க தொழிலே என்பது எமது துணிபு. ஆயின் வேறொன்றும் கிடையாமையால் புகும் புகலிடமாக அதனைக் கருதலாகாது. எண்ணிலே விருப்பும், ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பொறுமையும், வேண்டாதவிடத்துக் கையொப்பமிட மறுக்கும் துணிவும் தம்மிடம் உளவா என மாணவர் முன்னரே எண்ணிப் பார்ப்பாராக. உளவாயின், நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழியாது, பட்டத்தேர்வு முடிந்த மறுமாதமே தொடங்குவாராக. எங்குச் சென்று பணிபுரியினும், தம் ஊர்ச் சங்கமொன்றின் கணக்கை ஆண்டுக்கொருமுறையேனும் பார்த்துக் கொடுப்பாராயின், தாம் பெற்ற கல்விக்கு ஊரும் பங்காளியாகும்.