எல்லைக்கு 400 கெஜம் தள்ளி ஒரு வழக்கறிஞர்

கேத்ரின் பைப்பரின் வீடு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்தது. அங்கிருந்து சுமார் 400 கெஜம் போனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் தேர்வை 1980-இல் எழுதித் தேறினார். நன்னடத்தை விசாரணையிலும் குறை சொல்லவில்லை. ஆனாலும் உரிமம் தர மறுத்தார்கள். எங்கள் மாநிலத்தில் குடியிருந்தால்தான் தருவோம் என்றார்கள்.

அங்கே தொழில் உரிமத்தைத் தருவது ஒவ்வொரு மாநிலமும்தான். நம் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011-இல் நடைமுறைக்கு வந்தபின், இங்கே ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிந்தவர் நாடெங்கும் தொழில் செய்யலாம். அங்கே அப்படியில்லை.

பைப்பர் வழக்குத் தொடுத்தார். வெளியூர்க்காரருக்கு உள்ளூர் விதிகள் தெரியாது, அழைத்தால் நீதிமன்றத்துக்கு வரமாட்டார், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடமாட்டார் என்று நியூ ஹாம்ப்ஷயர் காரணங்களை அடுக்கியது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளிவிட்டு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பைப்பருக்குத் தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் நலன் என்ற பெயரில் உள்ளூர் வழக்கறிஞர்களின் வருமானத்துக்கே வேலி போட்டிருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, மேரிலாந்தில் குடியிருந்த மைர்னா ஃப்ரீட்மன் வர்ஜீனியாவின் இதேபோன்ற தடையை முறியடித்தார்.

இன்று நான்கைந்து மாநில உரிமங்களோடு தொழில் செய்பவர்கள் உண்டு. 2011-இல் தொடங்கிய பொதுத்தேர்வு அதற்குக் கைகொடுத்தது. ஒருமுறை எழுதிய மதிப்பெண்ணைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. ஆனால் தேர்ச்சிக் கோடு இடத்துக்கு இடம் மாறும்: மிசூரியில் 260, நியூயார்க்கில் 266, டெக்சஸில் 270. கலிஃபோர்னியாவும் ஃப்ளோரிடாவும் தங்கள் தேர்வையே எழுதச் சொல்கின்றன. உரிமம் கூடக் கூட ஆண்டுக் கட்டணமும், பல மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ள தொடர்கல்வியும் கூடும். ஓரிடத்தில் தவறு செய்து உரிமம் பறிபோனால், மற்ற மாநிலங்களும் அதையே ஆதாரமாகக் கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். மக்களுக்கு உண்மையான பாதுகாப்பு இந்தக் கண்காணிப்பில்தான் இருக்கிறது. குடியிருக்கும் முகவரியில் இல்லை.

அதற்காக உரிமமே வேண்டாம் என்று எல்லை தாண்டிவிட முடியாது. ஒரு நியூயார்க் நிறுவனம், கலிஃபோர்னிய உரிமமின்றி அங்கே போய் ஒரு கட்சிக்காரருக்காகச் சமரசப் பேச்சு நடத்தியது. கேட்ட கட்டணம் பத்து லட்சம் டாலருக்கும் மேல். கலிஃபோர்னியாவில் செய்த வேலைக்குக் கட்டண ஒப்பந்தம் செல்லாது என்று 1998-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் குடியேற்ற வழக்குகளுக்கான சட்டம் மத்திய அரசுடையது. ஏதாவது ஒரு மாநில உரிமம் போதும். விவாகரத்து, உயில், வீட்டுப் பத்திரம் என்றால் அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால், வழக்கறிஞருக்குப் பணம் கட்டுமுன் அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம்.