வாகூர்ச் செப்பேட்டின் எழுத்துக்கலை

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், வாகூரில் விளங்கிய வித்யாஸ்தானம் என்னும் கல்விநிலையத்தின் பரிபாலனத்திற்காக மூன்று கிராமங்கள் தானமளிக்கப்பெற்ற செய்தியை, வடமொழிச் சுலோகங்களைக் கிரந்த எழுத்திலும் தமிழ் வாசகத்தைத் தமிழெழுத்திலுமாகத் தாங்கியவை, 9-ஆம் நூற்றாண்டின் வாகூர்ச் செப்பேடுகள் ஐந்தும்.

கிரந்தத்தில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பெற்றுக் கூட்டெழுத்தாகும். தமிழிலோ பக்கம் பக்கமாகவே நிற்கும். இவ்விரு இயல்புகளையும் செம்பின் குறுகிய பரப்பில், பிழைத்தால் அழிக்கவொண்ணாத உளிகொண்டு இணக்கிய பொற்கொல்லரை, வெறுமனே பிரதி செய்தவர் என எண்ண மனம் ஒப்பவில்லை. எழுத்துக்கு உருவம் கண்ட சித்திரக்காரர் அவர். தம் சித்திரக்கதைக்குத் தாமே எழுத்தும் வரையும் இக்கால ஓவியர், ‘ஸ்ரீ’ என்றும் ‘க்ஷ’ என்றும் தீட்டுகையில், அந்தக் கிரந்தக் கூட்டெழுத்தையே இன்னமும் தம் கையால் இழுக்கின்றார்.