முகிலுக்குள் போக ஒரு கணக்கு



சென்ற மாத உரைக்குப் பிறகு தொலைபேசியில் வந்த ஒரு நேயர், “அண்ணை, உங்களிட்ட லைசன்ஸ் இருக்குத்தானே, பிறகேன் முகிலைக் கண்டு பயப்படுறியள்?” என்று கேட்டார். வானொலியில் நேரம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடியவர்கள் நாங்கள். நாற்பது வயது கடந்து நான் சிறுவிமானம் ஓட்டப் பழகப் போனபோது அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

கனடாவில் தனியார் விமானி உரிமம் இருந்தால் நிலத்தையும் அடிவானத்தையும் கண்ணால் பார்த்து ஓட்டலாம். முகிலுக்குள் போகக் கருவிப் பறப்புத் தகுதி வேறாக வேண்டும். தலைமை விமானியாக ஊர்விட்டு ஊர் 50 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 40 மணி நேரம். பிறகு எழுத்துப் பரீட்சை, பறப்புப் பரீட்சை.

ஏன் இவ்வளவு? வெளியே ஒன்றும் தெரியாதபோது எங்கள் உட்காது பொய் சொல்லும். விமானம் மெதுவாகச் சரிந்து திரும்பினால் நேரே போவதாகவே தோன்றும். 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாமல் போனார்கள். சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 யூலையில் ஜோன் எஃப். கென்னடி ஜூனியர் மனைவியோடும் மைத்துனியோடும் கடலில் விழுந்து இறந்ததும் இப்படித்தான். இரவு, புகார் மூட்டம், அவரிடம் இந்தத் தகுதி இல்லை.

எடுத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. 24 மாதத்துக்குள் திரும்பவும் சோதனை. அதிலும் 13ஆவது மாதம் தொடங்கியதும் இன்னொரு கணக்கு வருகிறது: பறக்கும் நாளுக்கு முந்திய ஆறு மாதத்தில் 6 மணி நேரக் கருவிப் பறப்பும், கருவிகளின் துணையோடு ஓடுபாதையை நோக்கி இறங்கும் அணுகல் ஆறும் செய்திருக்க வேண்டும். ஆட்களை ஏற்றுவதற்கு, ஆறு மாதத்தில் ஐந்து தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது தனி விதி.

போன இலையுதிர் காலத்தில் ஒட்டாவாவில் எங்கள் மருமகளின் சாமத்தியச் சடங்கு. மாமியையும் பிள்ளைகளையும் விமானத்தில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் முகில் தாழ இறங்கி நின்றது. பதிவேட்டைத் திறந்தேன். சோதனை முடிந்து 14 மாதம், பறந்தது 3.8 மணி, அணுகல் நான்கு. ஊராரின் வரிக் கணக்கில் ஒரு சதம் விடாமல் பார்க்கிற நான் என் கணக்கை அதுவரை கூட்டிப் பார்க்கவில்லை.

காரில்தான் போனோம். ஆலாத்தி முடிந்துவிட்டது. “ரெண்டுதானே குறையுது” என்றான் மச்சான். அந்த இரண்டைப் பற்றி அவனுக்கு அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பயிற்றுநரோடு போனேன். வெளியே தெரியாதபடி நெற்றியில் மறைப்பைக் கட்டி ஓட்டியபோது, விமானம் இடப்பக்கம் திரும்புகிறது என்று என் உடம்பு அடித்துச் சொன்னது. கருவி நேரே என்று காட்டியது. கருவிதான் சரி. ஆனால் அதை நம்பிக் கையை அசைக்காமல் இருக்க எனக்குச் சில விநாடி பிடித்தது. ஒரு வருடத்துக்கு முன் அவ்வளவு நேரம் பிடித்திருக்காது.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். குளிர்காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட தரைப் பயிற்சிக் கருவியில் ஓட்டும் நேரமும் கணக்கில் சேரும், செலவும் குறைவு. மாமியை இன்னும் ஏற்றவில்லை.